தீரர் சத்தியமூர்த்தியும் யுத்தக் கணக்கும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751ஆம் ஆண்டில் அதை அடுத்த வாலிகொண்டபுரத்தில் இரண்டு சேனைகள் எதிரெதிரே நின்றன. ஒரு பக்கம் சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும்; மறுபக்கம் முகம்மதலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலக் கம்பெனியாரும். ஆர்க்காட்டு நவாபுப் பட்டம் யாருக்கு என்பதே வழக்கு. கோட்டைத் தலைவன் இரு சாராரிடமும் பேரம் பேசிக்கொண்டிருந்தான். கம்பெனிப் படை கலங்கி நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1765இல், நவாபின் பெயராலும் கம்பெனியின் துப்பாக்கியாலும் அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்களும் பறிக்கப்பட்டன. இவ்விரு சண்டைகளும் நடந்த நிலத்தில் கம்பும் சோளமும் விதைத்து வாழ்ந்த குடிமக்களை, யுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்ற எண்ணமே அக்காலத்தில் ஒருவருக்கும் உதித்ததில்லை.

கேட்டுத்தான் ஆகவேண்டும், கேளாமல் அனுப்பிய ஒவ்வொரு சிப்பாய்க்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று, அந்நிய ஆட்சியின் உச்சிக் கோபுரத்திலேயே நின்று வாதாடிய தமிழர் ஒருவர் இருந்தார். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசியல் தொண்டு புரியும் அன்பர்களில் பலர் தீரர் சத்தியமூர்த்தி என்ற பெயரை அறிவர். பூண்டி நீர்த்தேக்கத்தோடும் காமராஜரின் குரு என்ற புகழோடும் சேர்த்து அறிவர். யுத்த விஷயத்தில் அவர் நடத்திய போரை அறிந்தவர் குறைவு. அதைச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

ஸ்ரீ சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19ஆம் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். அதுவும் கோட்டையூர்தான். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும், பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்று வக்கீலானார். நாடக மேடையில் வேஷம் புனைவதிலும் சங்கீதத்திலும் அவருக்கிருந்த பற்று ஊரறிந்தது. ஜெர்மானியரின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது அவருக்கு வயது இருபத்தேழு. அந்த மகா யுத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து பணிபுரிந்தார்கள், பல்லாயிரவர் திரும்பவில்லை. அத்தியாகத்துக்குக் கைம்மாறாக வந்தவை 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையுமே. அவ்வாண்டில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதாவைப் பற்றிச் சாட்சியம் கூறக் காங்கிரஸ் லண்டனுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அவரும் ஒருவராகச் சென்றார். பார்லிமெண்டு என்பது எப்படி நடக்கிறது, மந்திரிகள் எப்படிக் கேள்விக்கு முன்னால் எழுந்து நிற்கிறார்கள் என்பதை அவர் கண்ணாரக் கண்ட காலம் அது.

1923இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குள் புகுந்தார். ஒத்துழையாமைத் தீ அப்போது முற்றும் அடங்கிவிடவில்லை. சட்டசபைக்குப் போகிறவர்களைக் கதர் வட்டாரத்தில் ஏளனமாகப் பேசிய காலம். அந்த ஏளனத்தை அவர் பொருட்படுத்தவில்லை. 1928இல் பாரதியாரின் பாடல் நூல்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தபோது சட்டசபையில் அதைக் கண்டித்துப் பிரேரணை கொண்டுவந்து, பெரும்பான்மையோர் ஆதரவுடன் நிறைவேறச் செய்தவர் அவரே. சர்க்கார் செய்த காரியத்துக்குச் சர்க்காரையே எழுந்து நின்று காரணம் சொல்ல வைப்பது என்ற வித்தை அன்றே அவர் கைக்கு வந்துவிட்டது எனலாம்.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸர் ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னை நகரில் தோற்கடித்து, டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே பூலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சித் தலைவர். ஸ்ரீ சத்தியமூர்த்தி பின்னர் உபதலைவரானார். அந்தச் சபையின் அதிகாரம் எத்தகையது என்பதைச் சிறிது விரிவாகச் சொல்லாவிட்டால் அவர் செய்த வேலையின் அருமை விளங்காது.

1930களின் பிற்பகுதியில் மத்திய சர்க்காரின் செலவில் ஏறக்குறையப் பாதிக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 45 கோடி ரூபாய், ராணுவத்துக்குப் போயிற்று. அப்பணத்தில் ஒரு காசையாவது ஏற்கவோ மறுக்கவோ ஜனப்பிரதிநிதிகளுக்கு உரிமை கிடையாது. ராணுவச் செலவு சட்டசபையின் வாக்குக்கு விடப்படாத செலவு என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. சேனாதிபதி மேற்சபையில் வீற்றிருப்பார். கீழ்ச்சபையில் ராணுவ இலாகாவின் காரியதரிசி எழுந்து பதில் சொல்வார். பொது நன்மைக்கு விரோதமென்று கூறிப் பதில் மறுக்கவும் அவருக்கு வழியுண்டு.

சட்டம் படித்த நாம் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்காமல் மேலே செல்ல இயலாது. 1858ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய இந்திய ஆட்சிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உள்ளன. இந்தியாவில் யுத்தம் தொடங்க உத்தரவு போனால் குறித்த காலத்துக்குள் அதைப் பார்லிமெண்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஒன்று. படையெடுப்பைத் தடுப்பது முதலிய அவசரம் தவிர, இந்திய எல்லைக்கு அப்பால் நடக்கும் ராணுவ நடவடிக்கைகளுக்குப் பார்லிமெண்டின் இரு சபைகளும் சம்மதித்தாலன்றி இந்திய வருமானத்தைச் செலவிடலாகாது என்கிறது மற்றொன்று. ஆக, நம் பணத்தை அந்நிய மண்ணில் செலவழிக்கச் சம்மதம் தேவை என்பதை ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சம்மதத்தைத் தரவேண்டியவர் தாங்களே என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள்! 1878இல் மூண்ட ஆப்கானிய யுத்தத்தின் செலவைப் பற்றி லண்டனில்தான் விவாதம் நடந்தது. வரி கொடுத்த உடையார்பாளையம் தாலுகாக் குடியானவனுக்கு அதைப் பற்றி அறிவிப்பாரும் இல்லை.

இந்நிலையை மாற்ற முயன்றவர் ஸ்ரீ சத்தியமூர்த்திக்கு முன்னரும் உண்டு. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலேயே, ராணுவச் செலவைப் பெருக்குவதைக் கண்டிக்கும் தீர்மானத்தைச் சென்னையைச் சேர்ந்த பி. ரங்கையா நாயுடு பிரேரேபித்தார். பர்மாவைச் சேர்த்துக்கொள்வதையும் அச்சபை ஆட்சேபித்தது. 1921இல் மத்திய சட்டசபையில் நம் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஸர் பி. எஸ். சிவசாமி ஐயர், இந்திய ராணுவம் இந்தியாவின் பாதுகாப்புக்கே உரியது என்ற கருத்தமைந்த தீர்மானங்களைக் கொண்டுவந்தார். மிதவாதி அவர். ஆயினும் அத்தீர்மானங்களின் நியாயத்தைத் தீவிரவாதிகளும் மறுக்க முடியவில்லை. 1927இல் ஷாங்காய்க்கு இந்தியத் துருப்புகள் அனுப்பப்பட்டதை அவ்வாண்டுச் சென்னைக் காங்கிரஸ் கண்டித்தது.

வாக்குரிமை இல்லாத சபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி கேள்வியை ஆயுதமாக்கினார். சபை கூடியதும் முதலில் வருவது கேள்வி நேரம். முன்கூட்டி அறிவித்த கேள்விக்கு அதிகாரி எழுதிக்கொண்டு வந்த பதிலைப் படிப்பார். அந்தப் பதிலிலிருந்து கிளைக்கும் உபகேள்விக்கு எழுதி வைத்த பதில் இராது. அங்கேதான் அவர் அதிகாரிகளைப் பிடித்தார். எத்தனை பட்டாளம் எங்கே போயிற்று? யார் உத்தரவால்? சபையைக் கலந்துகொள்ளாத காரணம் யாது? செலவு எந்தக் கஜானாவில் எழுதப்படும்? இப்படி ஒரு கேள்வியின் வாலைப் பிடித்து இன்னொரு கேள்வி வரும். சர்க்கார் தரப்பார் தங்கள் கட்டுக்களை முந்தின இரவே புரட்டிப் பார்த்துக்கொண்டு வரவேண்டியிருந்தது என்றால், அந்தச் சபைக்கு அது பெரிய மாறுதல். ஆங்கிலத்தில் அவருக்கிருந்த அபாரமான நாவன்மையைப் புகழாதவர் இல்லை. எம் அபிப்பிராயத்தில் அவருடைய பெரும் பிரசங்கங்களைக் காட்டிலும் இந்தச் சிறு கேள்விகளே அதிக வேலை செய்தன. பிரசங்கத்துக்குச் சர்க்கார் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அல்லது பதில் சொல்ல மறுத்ததாகப் பதிவாக வேண்டும்.

1939ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் யுத்த மேகம் திரண்டது. சட்டசபையின் சம்மதமின்றி இந்தியத் துருப்புகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று மத்திய சபை ஏற்கெனவே தெரிவித்திருந்தது. அதைச் சட்டைசெய்யாமல் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் துருப்புகள் கப்பலேறின. ஆகஸ்டு மாதம் வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி இதைக் கண்டித்து, சபையின் அடுத்த கூட்டத்துக்குக் காங்கிரஸ் அங்கத்தினர் செல்லலாகாதென்று பணித்தது. செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, ஒரு சபையையும் ஒரு தலைவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாற்பது கோடி ஜனங்களைச் சண்டையில் சேர்க்க ஓர் அறிக்கை போதுமானதாயிற்று. நாஜிகளின் அக்கிரமத்தைக் காங்கிரஸ் கண்டித்தே வந்தது. ஜனநாயகத்துக்காக நடத்தும் யுத்தமெனில் அந்த ஜனநாயகம் இந்தியாவுக்கும் உண்டா என்பதே அது கேட்ட கேள்வி. தக்க பதில் வராமற்போகவே, அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் மந்திரிசபை சென்னையில் ராஜீநாமாச் செய்தது. ஏனைய காங்கிரஸ் மாகாணங்களிலும் அவ்வாறே.

இங்கே எமக்கு ஒரு சங்கடம் உண்டு. சபையை விட்டு வெளியேறியது கௌரவமான செயல்தான். ஆனால் யுத்தம் தொடங்கிய அதே நாளில், யுத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் கேள்வி நேரத்தில் இல்லாமற்போனார். அவர் கட்சிக் கட்டுப்பாட்டை மீறவில்லை. 1939–40இல் சென்னை மேயராக இருந்து நகரின் குடிநீருக்குப் பூண்டித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். 1940 நவம்பரில் யுத்தச் செலவுக்கான துணை வரி மசோதா வந்தபோது மாத்திரம் காங்கிரஸ் அங்கத்தினர்கள் டில்லிக்குத் திரும்பி வந்து எதிர்த்து வாக்களிக்க, அது மிகச் சிறு வித்தியாசத்தில் தோற்றது. தோற்ற மசோதாவை வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் சட்டமாக்கிக்கொண்டார். சபையின் பலவீனம் அதில் தெரிந்தது. அந்நிய ஆட்சியின் வேஷம் கலைந்ததும் அதில்தான்.

அதற்குள் போராட்டம் டில்லியிலிருந்து கிராமத்துக்கு இறங்கிவிட்டது. 1940 அக்டோபர் 17ஆம் தேதி பவ்னாரில் வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். இந்த இயக்கத்தின் முறையைச் சற்று நிதானித்துப் பார்ப்பது இக்காலத் தொண்டர்களுக்கு உபயோகமாகும். கூட்டம் சேர்ப்பதில்லை. சத்தியாக்கிரகியின் பெயரை மகாத்மா காந்தி அங்கீகரிக்க வேண்டும். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் யுத்தத்துக்கு எதிராகப் பேசப் போகிறேன் என்று ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கு அவரே முன்கூட்டி எழுதிவிட வேண்டும். பிறகு அவ்விடத்தில் நின்று, பிரிட்டிஷ் யுத்தத்துக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு என்று கூறவேண்டும். கைதுசெய்தால் சிறை, கைதுசெய்யாவிட்டால் ஊர் ஊராக அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு டில்லியை நோக்கி நடக்க வேண்டும். யுத்தமே தீது என்பாரும், இந்த யுத்தத்தில் நம்மைக் கேளாமல் சேர்த்தது தீது என்பாரும் அந்த ஒரே வாக்கியத்தின் கீழ் நின்றார்கள்.

தமிழ்நாட்டுப் பட்டியலுக்குக் காந்தியடிகளின் சம்மதம் பெற, அப்போது மாகாணக் காங்கிரஸ் தலைவராயிருந்த ஸ்ரீ காமராஜர் 1940 டிசம்பரில் வார்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் குண்டூரில் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு சீட்டில் எழுதிய பெயர்களைக் கண்டு அத்துணை பயம் சர்க்காருக்கு! இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நாடெங்கும் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1941ஆம் ஆண்டில் சிறை புகுந்தார்கள். ஸ்ரீ சத்தியமூர்த்தியும் தம் முறை வந்தபோது சிறை சென்றார். டில்லியில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டதையே இப்போது தெருவில் நின்று தமிழில் கேட்டார்கள் பெயரறியாத பலர். அந்நாளில் பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்கள். அரியலூர் உடையார்பாளையம் தாலுகாவைச் சேர்ந்தது. ஜில்லா அதிகாரி இருக்குமிடம் தொலைவில். வானம் பார்த்த பூமியில் வரகு விளைத்தவன், தன் பெயரையும் நாளையும் நேரத்தையும் தானே எழுதிக் கலெக்டர் கச்சேரிக்கு அனுப்புவதென்றால், விளைச்சலையும் குடும்பத்தையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும். தலைவர்களின் தியாகத்தை நாம் எடைபோடும் தராசில் இவர்களுடையதை இதுவரை வைத்ததில்லை.

யுத்தம் நடக்கும்போது கேள்வி கேட்பது துரோகமல்லவா என்று அன்றும் கேட்டார்கள். சுதந்திர இந்தியாவிலும் கேட்பார் உளர். 1962இல் சீனப் படை எல்லையைத் தாண்டி நின்றபோதே பார்லிமெண்டு நவம்பர் 8ஆம் தேதி கூடிச் சர்க்காரை நேருக்கு நேர் விசாரித்தது. தேசம் அதனால் பலவீனப்படவில்லை. அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைச் சர்க்கார் இன்றுவரை முறைப்படி வெளியிடாததுதான் வியப்பு. 1999ஆம் ஆண்டுக் கார்கில் சண்டைக்குப் பின் அமைந்த பரிசீலனைக் கமிட்டியின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டபோதிலும், 2000ஆம் ஆண்டில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. இரண்டு சர்க்கார்கள், இரண்டு வழிகள். 1987 ஜூலையில் இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதிப்படை அங்கே இறங்கியபோது பார்லிமெண்டின் வாக்கு முன்கூட்டிப் பெறப்படவில்லை. 1990 மார்ச்சில் அது திரும்பும் முன் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். மாண்ட ஈழத் தமிழர் எத்தனை பேர் என்பதோ இன்றும் தமிழர் மனத்தில் ஆறாத புண். இந்திய அரசியல் சாசனத்தின்படி ராணுவச் செலவு இப்போது லோகசபையின் வாக்குக்கு வருகிறது. 1930களில் இல்லாத உரிமை அது. ஆயினும் படை புறப்படுமுன் சபையின் சம்மதம் பெறவேண்டுமென்ற கட்டாயம் சாசனத்தில் எங்கும் இல்லை. 1939இல் ஸ்ரீ சத்தியமூர்த்தியும் அவர் சகாக்களும் கேட்டது அதைத்தான்.

1995இல் பெரம்பலூரும், 2007இல் நிலையாக அரியலூரும் தனித்தனி ஜில்லாக்களாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கலெக்டர் உண்டு. லோகசபைக்குச் செல்லும் பிரதிநிதிகளும் உண்டு. அப்பிரதிநிதிகள் கேள்வி நேரத்தில் ராணுவ இலாகாவிடம் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்பதைச் சபை நடவடிக்கைக் குறிப்பில் யாரும் எண்ணிப் பார்க்கலாம். தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் அபேட்சகரிடம் சாலைக்கும் தண்ணீருக்கும் வாக்குறுதி கேட்கும் நம் அன்பர்கள், இதையும் கேட்டால் அவர் சிறிது திகைப்பார். திகைக்கட்டுமே!

விடுதலையானபின் ஸ்ரீ சத்தியமூர்த்தி ஓய்ந்திருக்கவில்லை. காங்கிரஸார் மறுபடியும் சட்டசபைக்குள் சென்று அங்கிருந்தே சர்க்காரோடு போராட வேண்டுமென்று 1941–42இல் வாதித்தார். கட்சியில் பலருக்கு அது கசந்தது. சிறைக்குப் பயந்து பேசுகிறார் என்று அவரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் எழாது. பலமுறை சிறை கண்டவர். வெளியே நின்று மறுப்பதும் உள்ளே நின்று கேட்பதும் ஒரே போரின் இரு முனைகள் என்பது அவர் கொள்கை. அதைத் தீர்த்துவைக்கக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கமிட்டியின் தீர்மானத்துக்குப் பிறகு சென்னைக்குத் திரும்பும் வழியில் அவர் கைதானார். நாட்டின் நடுவே அமராவதிச் சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் காயம் பட்டது. சிறையில் உடல் தேறவில்லை. 1943 மார்ச் 28ஆம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. யுத்தம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இந்திய ராணுவம் இருபத்தைந்து லட்சம் பேராகப் பெருகிற்று. பூண்டி நீர்த்தேக்கம் அவர் மறைந்த மறு ஆண்டு, 1944இல், திறக்கப்பட்டது.